100 வோல்ட் கருவி, 230 வோல்ட் சுவர்: பழைய கோரஸ் கருவி ஒன்றின் பழுதுநீக்கம்

கருவி

ஒருவர் வாசிப்பதை இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கச் செய்யும் பாஸ் நிறுவனத்தின் சி.இ.-1 கோரஸ் கருவி ஒன்று தவறான மின்னழுத்தத்தில் மாட்டப்பட்டுப் பழுதானதையும், அது எங்கள் பட்டறையில் மீண்டும் வேலைக்கு வந்ததையும் இங்கே பதிவு செய்கிறோம். உரிமையாளரின் ஒப்புதல் உண்டு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் ஒலிக்கூடத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

1972இல் இகுதாரோ ககேஹாஷி ஒசாகாவில் தொடங்கிய ரோலண்ட் நிறுவனத்தின் இன்னொரு வணிகப்பெயர்தான் பாஸ். காலால் மிதித்து இயக்கும் பெடல்களில் அந்தப் பெயரோடு முதலில் வந்தது சி.இ.-1. ஆண்டு 1976. அதற்கு முந்தைய ஆண்டு ரோலண்ட் வெளியிட்ட ஜே.சி.-120 ஆம்ப்ளிஃபையருக்குள் இருந்த கோரஸ் சுற்றைத் தனியே எடுத்து, கனமான இரும்புப் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். பேட்டரி கிடையாது, நேரடியாகச் சுவர் மின்சாரம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. இந்த ஆய்வின் முக்கால்வாசி அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித்தான்.

மிதிப்பதற்கு இரண்டு சுவிட்சுகள். ஒன்று விளைவைச் சேர்க்கவும் விலக்கவும், மற்றது கோரஸ், வைப்ரேட்டோ (சுருதியை ஏற்றி இறக்கி அதிரவைப்பது) இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும். கோரஸுக்கு ஒரே குமிழ். வைப்ரேட்டோவுக்கு ஆழம், வேகம் என்று இரண்டு. உள்ளே வரும் ஒலியின் அளவுக்குத் தனிக் குமிழும், அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கும் உண்டு.

ஒலியைத் தாமதப்படுத்தும் வேலையைச் செய்வது மட்சுஷிடா நிறுவனத்தின் எம்.என்.3002 என்ற சிப். பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் 1969இல் முன்வைத்த முறைதான் இதற்கு அடிப்படை. தீப்பிடித்த வீட்டுக்குக் கிணற்றிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவதுபோல, உள்ளே வரும் மின்னழுத்தம் 512 படிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளப்படுகிறது. தள்ளும் வேகத்தைக் கடிகாரத் துடிப்பு தீர்மானிக்கிறது. துடிப்பு 1,00,000 ஹெர்ட்ஸ் என்றால் 2.56 மில்லிவினாடித் தாமதம். 50,000 ஆகக் குறைந்தால் 5.12. இந்தத் துடிப்பை மெல்ல ஏற்றி இறக்கினால் தாமதம் கூடிக் குறையும், அதனால் சுருதியும் இம்மியளவு ஏறி இறங்கும். அசல் ஒலியோடு இதைக் கலந்தால் இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல் கேட்கும்.

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஜான் ஃப்ரூஷான்டே பயன்படுத்திய கருவி என்பதால் இளைய கிதார் கலைஞர்களும் இதைத் தேடுகிறார்கள். இந்த வகைச் சிப்களின் தயாரிப்பை மட்சுஷிடா நிறுத்தி நெடுங்காலமாகிவிட்டது. ஒரு சி.இ.-1 பழுதானால் எல்லாருடைய கண்ணும் முதலில் அந்தச் சிப்பின் மேல் விழுவதற்கு இதுவே காரணம். இங்கும் அதுதான் நடந்தது.

விபத்து

உரிமையாளர் சென்னையில் ஒலிப்பதிவுகளுக்குக் கிதார் வாசிப்பவர். டோக்கியோவுக்குப் போனபோது, இசைக்கருவிக் கடைகள் நிறைந்த ஓச்சனோமிசு பகுதியில் பழைய பொருள் விற்கும் கடையொன்றில் இதை வாங்கியிருந்தார். ஜப்பானுக்குள் விற்கத் தயாரானது என்பதால் பின்புறத் தகட்டில் 100 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அவருக்கு அது தெரியும். ஊருக்கு வந்ததும் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைத்துத் தரும் பெட்டி ஒன்றையும் வாங்கி, கருவியோடு சேர்த்தே எடுத்துப்போவதை வழக்கமாக வைத்திருந்தார். 100 வோல்ட் கேட்கும் கருவிக்கு 110 சற்று அதிகம்தான். டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஆனாலும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அவர் வருவதற்கு முன்பே ஒலிக்கூட உதவியாளர் கருவிகளை அடுக்கி இணைத்துவைத்தார். குறைப்புப் பெட்டி அன்று பையிலேயே கிடந்தது. ஜப்பானிய பிளக்குக்கு இரண்டு தட்டைக் கால்கள். நம் ஊரின் வழக்கமான உருளைக்கால் சாக்கெட்டில் அது ஏறாது. ஆனால் அந்த ஒலிக்கூடத்தில் இருந்தவை எல்லா நாட்டுப் பிளக்கையும் ஏற்றுக்கொள்ளும் நீட்டிப்புப் பலகைகள். பிளக் இலகுவாக உள்ளே போனது. 100 வோல்ட் எதிர்பார்த்த டிரான்ஸ்ஃபார்மருக்கு 230 வோல்ட் கிடைத்தது.

சில நிமிடத்தில் வார்னிஷ் கருகும் வாடை வந்திருக்கிறது. உதவியாளர் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல இடமில்லை. பிளக் பொருந்தினால் மாட்டலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தப் பலகை விற்கப்படுவதே அப்படி நினைக்க வைப்பதற்காகத்தான்.

முதல் பட்டறை

பிறகு குறைப்புப் பெட்டி வழியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தது. கிதார் ஒலி வந்தது, பின்னணியில் ஒரு முழக்கத்தோடு. கோரஸ் மட்டும் இல்லை. எந்தக் குமிழைத் திருப்பினாலும் மாற்றமில்லை.

கருவி முதலில் வேறொரு பட்டறைக்குப் போனது. அசல் ஒலி வருகிறது, தாமத ஒலி வரவில்லை, எனவே சிப் போய்விட்டது என்று அங்கே முடிவு செய்தார்கள். இணையத்தில் எம்.என்.3002 என்று விற்கப்பட்ட ஒன்றை உரிமையாளரே நல்ல விலை கொடுத்து வரவழைத்தார். பழைய சிப் கழற்றப்பட்டுப் புதியது வைக்கப்பட்டது. கோரஸ் வரவில்லை. போர்டில் இருந்த சிறிய சரிசெய்குமிழ்களையும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் வரவில்லை. கடைசியில் கருவியையும், காகிதத்தில் சுற்றிய பழைய சிப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவர்களுடைய அனுமானம் அபத்தமானதல்ல. தாமத ஒலியின் பாதையில் சிப்தான் நடுநாயகம். ஆனால் அந்தச் சிப்புக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: அதற்குச் சேர வேண்டிய மின்சாரம் சேர்கிறதா?

எங்கள் மேசையில் கண்டவை

கருவி வந்தவுடன் நாங்கள் மின்சாரம் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து எல்லாப் பக்கமும் படமெடுத்தோம். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியிருந்த நாடா ஓரிடத்தில் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. மின்வழங்கல் பகுதியில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் தலை உப்பி, அடியில் பிசுபிசுப்பான கசிவு காய்ந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு; அதன் கால்களைச் சுற்றிப் போர்டு கருத்திருந்தது. விரல்நுனியால் தொட்டால் கரி ஒட்டியது.

சிப் இருந்த இடமும் காயப்பட்டிருந்தது. அதிகச் சூட்டில் கழற்றியதால் செம்புத் தடங்களில் இரண்டு போர்டை விட்டு எழும்பியிருந்தன. சரிசெய்குமிழ்களின் மேல் தொழிற்சாலையில் பூசிய அரக்குமுத்திரை உடைந்திருந்தது. அவை முதலில் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு இனி அடையாளம் இல்லை.

அதன்பிறகு, மின்னோட்டம் மீறாமல் தடுக்கத் தொடராக இணைத்த சீரீஸ் விளக்கு வழியாக, மின்னழுத்தத்தை வேண்டிய அளவுக்கு மாற்றித் தரும் வேரியாக்கில் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி 100 வோல்ட் வரை கொண்டுபோனோம். டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருந்தது. எம்.என்.3002இன் தரவுத்தாள் கேட்பது 15 வோல்ட். அந்தச் சிப்புக்குப் போகும் தடத்தில் மீட்டர் 9 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டி நடுங்கியது. மின்னழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்ததும் நடுக்கத்தின் காரணம் தெரிந்தது. நேராக ஓட வேண்டிய கோடு ரம்பப் பல்போல் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாக நேராக்கினால் மிஞ்சுவது 100 ஹெர்ட்ஸ். அதை வடிகட்ட வேண்டிய கெப்பாசிட்டர் செத்துப்போயிருந்தது. கிதாருக்குப் பின்னால் கேட்ட முழக்கமும் இதுவேதான்.

அசல் ஒலி மட்டும் எப்படித் தப்பி வந்தது என்பது விளங்கக் கூடியதே. ஒலியைப் பெருக்கும் சாதாரணச் சுற்றுகள் குறைந்த மின்னழுத்தத்திலும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். தாமதச் சிப் அப்படியல்ல. அதன் உள்ளீட்டில் ஒரு நிலையான மின்னழுத்தம், பயஸ் என்று சொல்வது, குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினால் ஒலி சிதையும். நன்றாக விலகினால் ஒன்றுமே வெளிவராது. வழங்கும் மின்னழுத்தம் சரிந்ததால் பயஸும் சரிந்துவிட்டது. இந்த நிலையில் எந்தச் சிப்பை வைத்தாலும் மௌனம்தான்.

முதல் முடிவு: மின்வழங்கலைச் சரிசெய்த பிறகே மற்றவை

வடிகட்டும் கெப்பாசிட்டரையும் கருகிய டயோடையும் மாற்றினோம். போர்டில் மீதமிருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுவது பல பட்டறைகளின் வழக்கம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் அளந்து, மின்வழங்கல் பகுதியில் மதிப்புக் குறைந்திருந்தவற்றை மட்டும் எடுத்தோம். ஒலிப்பாதையில் இருந்தவை எதிர்பார்த்ததைவிட நல்ல நிலையில் இருந்தன. அவற்றைத் தொடாமல் விட்டதற்கு ஒலியின் குணம் பற்றிய நம்பிக்கை எதுவும் காரணமல்ல. ஏற்கெனவே தடம் எழும்பிய பழைய போர்டு அது. ஒவ்வொரு முறை ஈயத்தை உருக்கும்போதும் இன்னொரு தடம் போகலாம். வேலை செய்யும் பாகத்துக்காக அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை.

மின்னழுத்தம் நிலைத்தது. கோடு நேரானது. முழக்கம் அடங்கியது. கோரஸ் இன்னும் வரவில்லை, ஏனென்றால் போர்டில் இருந்தது புதிதாக வாங்கிய சிப்.

இரண்டு சிப்கள்

சிப்களைக் கருவிக்குள் வைத்தே சோதிப்பதைவிட, வெளியே ஒரு சோதனைப் பலகையில் ஒரே சூழலில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது. கருவிக்குள் வைத்தால் பயஸ் குமிழ் கலைந்திருப்பது, தடம் எழும்பியிருப்பது என்று சந்தேகத்துக்கு வேறு இடங்கள் இருந்துகொண்டே இருக்கும். பலகையில் 15 வோல்ட், எதிரெதிர் நிலையில் இரண்டு கடிகாரத் துடிப்புகள், மாற்றக்கூடிய பயஸ், உள்ளீட்டில் ஒரு சைன் அலை. துடிப்பை 1,00,000 ஹெர்ட்ஸில் வைத்தோம்.

முதலில் வாங்கிய சிப். பயஸைக் கீழிருந்து உச்சிவரை நகர்த்தியும் வெளியீட்டில் ஒன்றும் இல்லை. பஞ்சில் அசிட்டோன் தொட்டு மேற்பரப்பைத் துடைத்தபோது எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள். வேறு ஏதோ சிப்பைத் தேய்த்து, மேலே கறுப்புப் பூசி, எம்.என்.3002 என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அரிய சிப் என்று பெயர் எடுத்த எதற்கும் இந்தக் கதி உண்டு.

அடுத்து, காகிதத்தில் சுற்றி வந்த பழைய சிப். பயஸை மெல்ல ஏற்றிக்கொண்டு வந்தோம். ஓரிடத்தில் கீழ்க்கோட்டில் ஒரு புடைப்பு. இன்னும் சற்று ஏற்றியதும் அது முழு அலையாக விரிந்தது. மேலே உள்ளே போகும் அலை, கீழே வெளியே வரும் அலை. இரண்டுக்கும் இடையே திரையின் கட்டங்களை எண்ணினால் இரண்டரை மில்லிவினாடிக்குச் சற்றே அதிகம். 512 படிகளுக்குக் கணக்குச் சொல்வதும் அதையேதான்.

சிப் ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. 230 வோல்ட்டின் அடியைக் கெப்பாசிட்டரும் டயோடும் வாங்கிக்கொண்டன. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் சிப்பும் போயிருக்கும்.

திருப்பி வைப்பதற்கு ஈயம் உருக்காமலே சிப்பைச் செருகவும் எடுக்கவும் உதவும் ஐ.சி. சாக்கெட் ஒன்றைப் பொருத்தினோம். தொழிற்சாலையில் சாக்கெட் இல்லை என்பதால் அசல்தன்மை கெடும் என்று உரிமையாளர் தயங்கினார். ஆனால் எழும்பிய தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்து நிலைப்படுத்திய பிறகு, அதே இடத்தில் மறுபடியும் சூடு காட்டுவதை நாங்கள் விரும்பவில்லை. நாளை சிப் உண்மையிலேயே போனாலும் போர்டு பிழைக்க வேண்டும் என்று விளக்கியதும் ஒத்துக்கொண்டார்.

பயஸை அமைக்கும் முறை நேரானது. சைன் அலையை உள்ளே விட்டு, அலையின் தலை தட்டையாகும் வரை அளவைக் கூட்ட வேண்டும். பிறகு அலையின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே சமயத்தில் தட்டையாகும் இடத்துக்குக் குமிழைக் கொண்டுவர வேண்டும். அப்படி அமைத்துப் புதிய அரக்குமுத்திரை வைத்தோம். கோரஸ் வந்துவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மர்: நீண்ட விவாதம்

சிப் விவகாரத்தைவிட இதில்தான் அதிக நேரம் போனது. டிரான்ஸ்ஃபார்மர் ஓடியது, ஆனால் ஓடுவது மட்டும் போதாது. காப்பை அளக்கும் மெகர் என்ற மீட்டரால் 500 வோல்ட்டில் சோதித்தபோது முதன்மைச் சுருளுக்கும் இரும்புக்கும் இடையிலான காப்பு, ஆரோக்கியமான டிரான்ஸ்ஃபார்மரில் இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாக இருந்தது. வார்னிஷ் கருகியதன் விளைவு. காப்பு முழுதாகப் போனால் சுவர் மின்சாரம் நேராக இரும்புப் பெட்டிக்கு வரும். கருவியில் இருந்ததோ இரண்டு கம்பி வயர், எர்த் கிடையாது. கிதாரின் கம்பிகள் கேபிள் வழியாக இந்தப் பெட்டியோடு இணைந்தவை. வாசிப்பவரின் விரல் அந்தக் கம்பிகளின் மேல் இருக்கும்.

உரிமையாளரின் முதல் விருப்பம், அதே டிரான்ஸ்ஃபார்மரோடு கவனமாக ஓட்டிக்கொள்வது. பழைய கருவிகளைச் சேகரிப்பவர்களிடம் பாகம் மாறிய கருவிக்கு விலை குறையும். அவருக்கு இதை விற்கும் எண்ணம் இல்லை என்றாலும், அப்படி ஒரு கதவைத் தானே அடைக்க வேண்டுமா என்று யோசித்தார். கோரஸ் ஒலிதான் வேண்டும் என்றால் 2016இல் பாஸ் வெளியிட்ட சி.இ.-2டபிள்யூவில் சி.இ.-1 முறையும் உண்டு, அதை மேடைக்கு வைத்துக்கொண்டு இதை வீட்டில் காட்சிக்கு வைக்கலாம் என்றும் பேச்சு வந்தது. அவர் அதற்கு இணங்கவில்லை. வாசிக்காத கருவியை வைத்திருப்பதில் அவருக்கு நாட்டமில்லை.

எங்கள் முன்னே மூன்று வழிகள் இருந்தன. ஜப்பானிலிருந்து அதே 100 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுவது. அசலையே பிரித்து மறுபடி சுற்றுவது. அதே அளவில் 230 வோல்ட்டுக்குப் புதிதாக ஒன்று சுற்றச் செய்வது. முதல் வழியில் வருவதும் அதே வயதுடைய பழைய பொருளாகத்தான் இருக்கும். இரண்டாவதில் அசல் பொருள் என்றென்றைக்கும் அழியும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

100 வோல்ட்டிலேயே தொடர வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் அந்த நீட்டிப்புப் பலகைதான். குறைப்புப் பெட்டி என்ற ஏற்பாடு ஒரு மனிதரின் ஞாபகத்தை நம்பி நின்றது. அந்த மனிதர் இல்லாத நாளில் அது விழுந்தது. அதே ஒலிக்கூடம், அதே பலகைகள், வேறு உதவியாளர் என்று மறுபடியும் நடக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. போதாக்குறைக்கு அவர் வாங்கியிருந்த குறைப்புப் பெட்டி ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வகை; உள்ளே ஒரே சுருள்தான், சுவர் மின்சாரத்திலிருந்து பிரித்துவைக்கும் பாதுகாப்பு அதில் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் தொழில் நம் ஊரில் இன்னும் அழியவில்லை. வைண்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் அசலை வெர்னியரால் அளந்துகொண்டார். இரண்டாம் சுருளில் சுமையோடும் சுமையில்லாமலும் எத்தனை வோல்ட் என்று எழுதி வாங்கிக்கொண்டார். துளைகள் அதே இடத்தில் வர வேண்டும், இரும்புப் பெட்டியில் புதிதாக ஒரு துளைகூடப் போடக்கூடாது என்பது எங்கள் நிபந்தனை. சுருள் கட்டி முடித்து வார்னிஷில் முக்கி உலர்த்திக் கொடுத்தார். முதலில் கொடுத்தது தகடுகள் இறுகாமல் மெலிதாக ரீங்காரமிட்டது. திருப்பிக் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் மறுபடி இறுக்கித் தந்தார்.

அசல் டிரான்ஸ்ஃபார்மரையும் அசல் வயரையும், கழற்றிய எல்லாப் பாகங்களையும் சீட்டு எழுதிப் பையில் போட்டு உரிமையாளரிடம் கொடுத்தோம். பின்புறத் தகட்டின் 100 வோல்ட் எழுத்தை மறைக்காமல், அதன் அருகே 230 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டது என்று ஒரு சீட்டு ஒட்டினோம்.

எர்த்தும் முழக்கமும்

இரண்டு கம்பி வயருக்குப் பதில் மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தைப் பெட்டியோடு திருகால் இறுக்கினோம். எதிர்பார்த்த தொல்லை உடனே வந்தது. கருவியின் இரு வெளியீடுகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்குக் கொடுத்தபோது முழக்கம் திரும்பியது. இம்முறை கருவியில் பழுதில்லை. மூன்று கருவிகளும் தனித்தனியே எர்த் ஆகி, கேபிள்களின் வழியாகவும் இணைந்ததால் உருவான வளையம் அது.

இதற்குப் பல மேடைகளில் கையாளும் குறுக்குவழி, ஒரு பிளக்கின் எர்த் காலை ஒடிப்பது. அதைச் செய்ய மறுத்தோம். ஒரு வெளியீட்டின் பாதையில் ஒலிக்கான சிறிய தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததும் வளையம் அறுந்தது, முழக்கமும் நின்றது. எர்த் அப்படியே இருக்கிறது.

திருப்பிக் கொடுத்த பிறகு

முதல் வாரத்திலேயே ஒலிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் கோரஸ் வரவில்லை, ஒரு சானல் மறுபடி போய்விட்டது என்றார்கள். போகவில்லை. சி.இ.-1 அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீரியோவில் இணைத்தால் ஒரு வெளியீட்டில் அசல் ஒலி மட்டும் வரும், மற்றதில் தாமத ஒலி மட்டும் வரும். ஜே.சி.-120இன் இரண்டு ஸ்பீக்கர்களிலும் இதே பிரிவினைதான். இரண்டும் கலப்பது அறையின் காற்றில். ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் கேட்டால் பழுது என்றே தோன்றும். இரு பக்கமும் கலந்த ஒலி வேண்டுமானால் மோனோ வெளியீட்டை எடுக்கலாம் என்று சொன்னோம். அந்தப் பதிவில் கடைசியில் ஸ்டீரியோவையே வைத்துக்கொண்டார்களாம்.

இரண்டாவது புகார் உரிமையாளருடையது. கிதாரை நேராக இணைத்தால் ஒலி மெலிந்து, உச்ச ஸ்வரங்களின் பளபளப்பு போய்விடுகிறது. எலக்ட்ரிக் பியானோவுக்கு அப்படி இல்லை. இதுவும் பழுதல்ல. கிதார் ஆம்ப்ளிஃபையர்களின் உள்ளீட்டு மின்தடை பொதுவாக 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். இந்தக் கருவியில் அது சில பத்தாயிரம் ஓம் அளவுதான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கிதாரின் பிக்கப் அந்தச் சுமையைத் தாங்காமல் உச்ச அதிர்வெண்களை இழக்கிறது. கீபோர்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விளைவை விலக்கிய நிலையிலும் ஒலி உள்ளீட்டில் இருக்கும் இதே முன்பெருக்கியைக் கடந்துதான் போகிறது என்பதால் சுவிட்சை மிதித்தும் இந்த மெலிவிலிருந்து தப்ப முடியாது.

உள்ளீட்டு ரெசிஸ்டர்களை மாற்றி இதைச் சரிசெய்யும் முறை பரவலாகத் தெரிந்ததே. உரிமையாளரும் அதைத்தான் கேட்டார். நாங்கள் வேண்டாம் என்றோம். அந்த முன்பெருக்கி, சிவப்பு விளக்கு மினுங்கும் அளவில் ஒலியைச் சற்றே தடிக்க வைப்பதற்காகவே இந்தக் கருவியைத் தேடுகிறவர்கள் உண்டு. உள்ளே கை வைத்தால் அந்தக் குணம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கருவிக்கு முன்னால் கிதாரின் மேல் அந்தச் சுமை விழாமல் தடுக்கும் சிறிய பஃபர் பெட்டி ஒன்றை வைத்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். அப்படியே செய்தார். கிதாரின் பளபளப்பு திரும்பியது. சில பாடல்களுக்கு அவர் வேண்டுமென்றே பஃபரை எடுத்துவிட்டு அந்த மெலிந்த ஒலியையே பதிவு செய்கிறார் என்று பின்னால் தெரிந்தது. அது அவருடைய காது.

கருவி அன்றிலிருந்து தொல்லையின்றி ஓடுகிறது. பிற்பாடு மூடியைத் திறந்து பார்த்தபோது புதிய டிரான்ஸ்ஃபார்மர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை, மின்னழுத்தமும் அமைத்த இடத்திலேயே நின்றது.

நடைமுறையில் மாறியவை

வெளிநாட்டில் வாங்கிய பழைய கருவி எது வந்தாலும், பின்புறத் தகட்டைப் படித்து மின்னழுத்தத்தை வரவுச் சீட்டில் எழுதிய பிறகே இப்போது மேசைக்கு எடுக்கிறோம். எந்த பிளக்கில், எந்தப் பெட்டி வழியாக ஓட்டினீர்கள் என்ற கேள்வியையும் அங்கேயே கேட்டுவிடுகிறோம். கோரஸ் வரவில்லை என்று சொல்லிக் கொண்டுவருபவரிடம் சாக்கெட்டைப் பற்றிக் கேட்டால் சிலர் எரிச்சலடைகிறார்கள்.

சிப் வாங்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் அந்தச் சிப்பின் மின்வழங்கல், பயஸ், கடிகாரத் துடிப்பு மூன்றையும் அளந்து எழுதிக் கொடுப்பதை விதியாக்கியிருக்கிறோம். இங்கே அது முதலிலேயே நடந்திருந்தால் போலிச் சிப்புக்குக் கொடுத்த பணமும் எழும்பிய இரண்டு தடங்களும் மிஞ்சியிருக்கும். சரிசெய்குமிழ்களைத் தொடுவதற்கு முன் மெல்லிய மார்க்கரால் கோடு போட்டுப் படமெடுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய சிப்களுக்கான சோதனைப் பலகையைக் கலைக்காமல் ஒரு பெட்டியில் நிரந்தரமாக வைத்திருக்கிறோம். அதன்பின் வந்த இன்னொரு கருவியிலும் அது பயன்பட்டது.

ஒலிக்கூடத்தாரிடம், எல்லாப் பிளக்கும் ஏறும் நீட்டிப்புப் பலகைகளை மாற்றிவிட்டு உருளைக்கால் சாக்கெட் மட்டும் உள்ளவற்றைப் போடச் சொன்னோம். வெளியூர்க் கலைஞர்கள் பலவகைப் பிளக்குகளோடு வருகிறார்கள், அது முடியாது என்றார்கள். இப்போதைக்கு ஒவ்வொரு பலகையின் மேலும் 230 வோல்ட் என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.